தொட்டி நாற்றுக்கு எந்தக் கரையும் உரம்?

குழித்தட்டில் வளரும் நாற்றுக்கு, ஒரு கைப்பிடிகூடத் தேறாத தென்னை நார்க்கழிவுதான் மொத்த நிலம். வயல் மண்ணைப் போல அது சத்தைச் சேமித்து வைப்பதில்லை. பூவாளித் தண்ணீர் அடியில் வடியும்போது நைட்ரேட்டும் சாம்பல்சத்தும் கூடவே வடிந்துவிடும். ஆகவே தட்டிலும் பாலிதீன் பையிலும் வளரும் செடிக்குச் சிறிது சிறிதாக, அடிக்கடி உரம் தர வேண்டியிருக்கிறது. இதற்கு நீரில் முழுவதும் கரையும் உரங்கள் பொருந்தும். அவற்றுள் எதை வாங்குவது என்பதைச் செடியின் பருவம், வளர்ப்பு ஊடகம், பாசன நீர் ஆகிய மூன்றும் முடிவு செய்கின்றன.

உரப்பையின் எண்கள்

மூன்று எண்களும் வரிசையாகத் தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல்சத்து ஆகியவற்றின் சதவீதம். எண் ஒன்றாக இருந்தாலும் தழைச்சத்தின் வடிவம் உரத்துக்கு உரம் மாறும். உரக் கட்டுப்பாட்டு ஆணை, 1985 வகுத்த தரப்படி 19:19:19 உரத்தின் 19 பங்குத் தழைச்சத்தில் 10.5 வரை யூரியாவாகவும், 4.5 வரை அம்மோனியா வடிவிலும், 4 வரை நைட்ரேட்டாகவும் இருக்கலாம். யூரியா இலைவழியாக எளிதில் உள்ளே போகும். வேர்ப்பகுதியிலோ முதலில் அம்மோனியாவாகவும் பின் நைட்ரேட்டாகவும் நுண்ணுயிர்கள் அதை மாற்ற வேண்டும். புதிய நார்க்கழிவில் அந்த நுண்ணுயிர்கள் குறைவு. குளிர்ந்த, ஈரம் மிகுந்த நாட்களில் மாற்றம் இன்னும் மந்தமாகும். அப்போது அம்மோனியா தேங்கி வேரைக் கெடுக்கும். அத்தகைய நாட்களில் நைட்ரேட் மிகுந்த உரமே பாதுகாப்பானது.

பருவத்துக்கு ஏற்ற உரம்

19:19:19: முதல் நிஜ இலை விரிந்ததிலிருந்து பொதுவான வளர்ச்சிக்கு ஏற்றது. கால்சியம் இதில் இல்லை.

12:61:0: வேர்விடும் தொடக்கத்தில் ஓரிரு முறை தர உதவும். தொடர்ந்து கொடுத்தால் மிகையான மணிச்சத்து இரும்பு, துத்தநாகச் சத்துகளைச் செடி எடுக்க விடாது.

13:0:45: இதன் தழைச்சத்து முழுவதும் நைட்ரேட். பூச்செடிகளுக்கு மொட்டுக் காலத்திலும், நடவுக்கு முன் நாற்றை உறுதிப்படுத்தவும் பயன்படும்.

0:0:50: தழைச்சத்து வேண்டாத இடத்தில் சாம்பல்சத்தும் கந்தகமும் தரும். மெதுவாகத்தான் கரையும்; அடர்கரைசலுக்கு ஏற்றதல்ல. விலை மலிவான பொட்டாஷில் குளோரைடு மிகுதி என்பதால் குறுகிய வேர்ப்பகுதிக்கு அதைவிட இது நல்லது.

கால்சியம் நைட்ரேட்: 15.5 சதவீதத் தழைச்சத்தும் 18.8 சதவீதக் கால்சியமும் கொண்டது. தண்டு தடித்து, குட்டையான உறுதியான நாற்று கிடைக்க உதவும்.

ஊடகமும் நீரும்

தென்னை நார்க்கழிவில் இயல்பாகவே பொட்டாசியமும் சோடியமும் உண்டு. கால்சியத்தையும் மெக்னீசியத்தையும் அது தன்பால் இழுத்து வைத்துக்கொள்ளும். நன்றாகக் கழுவாத நார்க்கழிவில் 13:0:45 கொண்டு தொடங்குவது இருக்கும் உப்பின் மேல் உப்பைச் சேர்ப்பதாகும். அங்கே முதலில் வேண்டியது கால்சியம் நைட்ரேட். செம்மண், மணல், தொழுவுரம் கலந்த பையில் இந்தச் சிக்கல் குறைவு; 19:19:19 கொண்டே தொடங்கலாம்.

கடினமான போர்வெல் நீர் பைகார்பனேட்டைக் கொண்டு வந்து ஊடகத்தைக் காரமாக்கும். இளந்தளிர் மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் இரும்புச்சத்து எட்டவில்லை என்று பொருள். அம்மோனியாவும் யூரியாவும் வேர்ப்பகுதியை அமிலத் தன்மைக்குத் திருப்பும் என்பதால் இத்தகைய நீருக்கு 19:19:19 பொருந்தும். மழைநீர் போன்ற மென்நீரில் இதே உரத்தை மட்டும் தொடர்ந்தால் அமிலம் கூடிவிடும். கால்சியம் நைட்ரேட்டை இடையிடையே தர வேண்டும். நீரே உப்பாக இருந்தால் எந்த உரமானாலும் அளவைப் பாதியாக்குவது நல்லது. கரைசலின் உப்பளவைக் காட்டும் மின்கடத்துதிறன் மானியை முழுதாக நம்பவும் கூடாது. யூரியா அதில் பதிவாகாது.

கரையும் உரமா, பூச்சு உரமா?

மூன்று முதல் ஐந்து வாரத்தில் விற்றுப்போகும் காய்கறி நாற்றுக்குக் கரையும் உரமே போதும். பல மாதம் பையில் நிற்கும் பழமரக் கன்றுக்கு, மெதுவாகச் சத்தை வெளிவிடும் பூச்சு உர மணிகளை ஊடகத்தில் கலந்துவிட்டால் ஆள்கூலி மிச்சம். பை ஏற்கனவே நனைந்திருக்கும் அடைமழைக் காலத்திலும் ஊட்டம் தடைபடாது. ஆனால் வெப்பம் ஏற ஏற மணியிலிருந்து சத்து வேகமாக வெளிவரும். இட்ட பின் அதைத் திரும்ப எடுக்கவும் முடியாது. கரைசலையோ மறுநாளே நிறுத்தலாம்.

அளவும் கலப்பும்

ஒரு லிட்டரில் 1 கிராம் 19:19:19 கரைத்தால் 190 மில்லிகிராம் தழைச்சத்து கிடைக்கும், அதாவது 190 பி.பி.எம். இளநாற்றுக்கு லிட்டருக்கு கால் முதல் அரை கிராம், வளர்ந்த பைச்செடிக்கு அரை முதல் 1 கிராம் என ஒவ்வொரு பாசனத்திலும் தரலாம். வாரம் ஒரு முறை மட்டும் தருவதானால் வளர்ந்த செடிக்கு 2 கிராம். ஊற்றும் கரைசலில் பத்தில் ஒரு பங்கேனும் அடியில் வடிய வேண்டும். வடியாவிட்டால் உப்பு தேங்கி, ஊடகத்தின் மேல் வெள்ளைப் படிவமும் இலை ஓரக் கருகலும் தோன்றும்.

கால்சியம் நைட்ரேட்டை மணிச்சத்து உரங்களோடும் சல்பேட் உரங்களோடும் அடர்கரைசலில் கலந்தால் வெண்மையாகத் திரிந்து அடியில் படியும். சத்தும் வீணாகும், குழாயும் அடைபடும். இரண்டு தொட்டிகள் வைக்க இயலாத சிறிய நாற்றங்காலில், ஒரு பாசனத்துக்கு 19:19:19, அடுத்ததற்குக் கால்சியம் நைட்ரேட் என மாற்றி மாற்றித் தரலாம். பெரும்பாலான நாற்றங்கால்களுக்கு இந்த இரண்டும் போதும். மூன்றாவது மூட்டைக்கு இடமிருந்தால் அது 13:0:45 ஆகட்டும்.