சமையலறைக்குச் சிவப்பு அடிக்கப் போறீங்களா?

1. நாலு சுவரும் வேண்டாம், ஒன்றே போதும். சிவப்பு கண்ணுக்கு நெருங்கி வரும். சின்ன அறை இன்னும் சின்னதாகத் தெரியும்.

2. அடியில் சாம்பல் நிற பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள். வெள்ளையின் மேல் அடித்தால் மூன்று கோட் ஆனாலும் திட்டுத் திட்டாகத்தான் நிற்கும். பெயின்டர் முணுமுணுப்பார், விடாதீர்கள்.

3. அடுப்புக்குப் பின்னால் பெயின்ட் வேண்டாம், பளபளப்பான சிவப்பு டைல்ஸ் ஒட்டுங்கள். கடுகு தாளிக்கும்போது தெறிக்கும் எண்ணெய், ஈரத்துணியால் ஒரு துடைப்பில் போய்விடும்.

4. வெயில் விழும் ஜன்னலோரம் சிவப்பு பிளாஸ்டிக் டப்பாக்களை அடுக்காதீர்கள், வெளுத்துவிடும்.

5. தரை பழைய ரெட் ஆக்சைடா? சுவரை வெள்ளையாகவே விடுங்கள். சிவப்புக்கு அந்தத் தரையே போதும்.