ஏலத்தில் கிட் கார் எடுத்துவிட்டு மனம் மாறினால்...

பிரிட்டனில் ஈபே ஏலத்தில் கிட் கார் (பாகங்களைச் சேர்த்து வீட்டிலேயே கட்டும் கார்) கேட்டுவிட்டு, வேண்டாமென்று தோன்றினால் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள். ஏலம் முடிய 12 மணி நேரத்துக்கு மேல் இருந்தால், தொகையைத் தவறாக அடித்தது, விற்பவர் விவரத்தை மாற்றியது போன்ற காரணங்களைச் சொல்லி விலகலாம். அதைவிடக் குறைவு என்றால், கேட்ட ஒரு மணி நேரத்துக்குள் மட்டுமே முடியும்.

ஏலம் முடிந்து வண்டி உங்களுக்கே வந்துவிட்டதா? விற்பவர் யார் என்று பாருங்கள். வியாபாரியிடம் நேரில் போகாமல் ஆன்லைனிலேயே வாங்கியிருந்தால், 2013ஆம் ஆண்டு நுகர்வோர் ஒப்பந்த விதிகளின்படி, வண்டி கைக்கு வந்து 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே ரத்து செய்யலாம். தனிநபரிடம் அந்த உரிமை கிடையாது. எப்படியானாலும் அன்றே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள். மாதக்கணக்கில் கராஜில் பாடுபட்டுக் கட்டிய வண்டி அது. பதில் சொல்லாமல் விற்பவரைக் காக்க வைப்பது நியாயமே இல்லை.

தனிநபர் விற்றாலும் வண்டி விளம்பரத்தோடு பொருந்தியாக வேண்டும். கிட் காரில் இதுதான் உங்கள் பிடி. வி5சி பதிவுப் புத்தகத்தை விரித்துப் பாருங்கள். கண்ணெதிரே நிற்பது கோப்ரா ஸ்போர்ட்ஸ் காரின் உருவம். தாளில் 'ஃபோர்டு சியரா' என்று, பாகங்கள் தந்த பழைய காரின் பெயரே இருக்கலாம். சேஸி எண்ணையும் ஒத்துப் பாருங்கள். பொருந்தாவிட்டால், 'ஆவணங்கள் சரி' என்ற விளம்பரத்தை உடனே படமெடுத்து வையுங்கள்.