கருகிய பலகை காட்டிக்கொடுக்கும் பழுது

ஜொகூர் மாநிலத்தின் மூவார் வட்டாரத் தளவாடத் தொழிற்சாலைகளிலும், வீட்டுக் கார் நிறுத்துமிடத்தில் ஓய்வு நாளில் மர வேலை செய்பவரிடமும் காணக்கூடிய இயந்திரம் மேசை ரம்பம். மேசையின் நடுவே உள்ள பிளவின் வழியே வட்டப் பிளேடு எழுந்து சுழலும். பலகையை நாம் அதை நோக்கித் தள்ளுவோம். இந்த இயந்திரம் பழுதானால் பெரும்பாலும் நின்றுவிடாது. ஓடிக்கொண்டே பலகையைக் கருக்கும், சிராய் கிளப்பும், சில வேளைகளில் பலகையை நம்மீதே வீசி எறியும். இவற்றுக்கான காரணங்களை அறிந்துகொண்டால் மரம் வீணாகாது, விரல்களும் தப்பும்.

முன்பக்கம் அழுத்தும், பின்பக்கம் தூக்கும்

10 அங்குலப் பிளேட்டின் விட்டம் 254 மில்லிமீட்டர்; சுற்றளவு ஏறக்குறைய 0.8 மீட்டர். அது நிமிடத்திற்கு 4000 முறை சுழன்றால், ஒவ்வொரு பல்லும் மணிக்குச் சுமார் 190 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையின் உச்ச வேக வரம்பே 110 கிலோமீட்டர்தான்.

உங்களுக்கு அருகில் உள்ள பற்கள் மேலிருந்து கீழே இறங்குகின்றன. அவை பலகையை மேசையோடு சேர்த்து அழுத்துவதால் ஆபத்து குறைவு. பிளேட்டின் பின்பக்கப் பற்களோ கீழிருந்து மேலே எழுகின்றன. வெட்டுப்பட்ட பலகை அவற்றின் மீது உரசினால் முதலில் கருகும். இன்னும் அழுத்தமாகப் பட்டால் பற்கள் பலகையைத் தூக்கி உங்களை நோக்கி எறியும். இதைப் பின்னுதை என்கிறோம். பலகை திடீரென நகரும்போது அதைப் பிடித்திருக்கும் கையும் பிளேட்டின் பக்கம் இழுபடக்கூடும். ஆகவே கருகல் என்பது அழகுக்கு வந்த குறை மட்டுமல்ல; பின்னுதைக்கு முன்வரும் எச்சரிக்கையாகவும் இருக்கலாம்.

கருகல் எங்கே இருக்கிறது?

வெட்டிய இரு துண்டுகளையும் கையில் எடுத்துப் பாருங்கள்.

ஒரே ஓர் இடத்தில் மட்டும் கருகியிருந்தால், தள்ளும்போது அங்கே உங்கள் கை நின்றிருக்கிறது. ஒரே சீரான வேகத்தில் தள்ளுங்கள்.

இரு துண்டுகளும் கருகியிருந்தால் பிளேட்டைக் கவனியுங்கள். பற்களின் பக்கவாட்டில் மரப்பிசின் படிந்து கறுத்திருந்தால், பிளேட்டைக் கழற்றிப் பிசின் நீக்கும் திரவத்தில் ஊறவைத்துத் துலக்குங்கள். மழுங்கிய பிளேட்டைச் சாணை பிடிக்கக் கொடுங்கள். பற்களின் எண்ணிக்கையும் முக்கியம். மர ரேகையின் போக்கில் நீளமாக அறுக்க 24 பற்கள் போதும். 80 பல் பிளேட்டில் அறுத்தால் மரத்தூள் வெளியேற இடமின்றிச் சூடு ஏறும்.

வழிகாட்டிச் சட்டத்தை ஒட்டிய துண்டு மட்டும் கருகியிருந்தால், சட்டமும் பிளேடும் இணையாக இல்லை என்பதே முதல் சந்தேகம். பின்பக்கம் இடைவெளி குறுகுவதால் பலகை எழும் பற்களின் மீது நெருக்கப்படுகிறது.

இணையாக இருக்கிறதா? அளந்து பாருங்கள்

முதலில் மின்செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளேட்டை முழு உயரத்திற்கு ஏற்றுங்கள். ஒரு பல்லில் பேனாவால் குறியிட்டு, அதை முன்பக்கம் கொண்டுவந்து, மேசையில் உள்ள நீளக் காடியிலிருந்து அந்தப் பல் வரை அளந்துகொள்ளுங்கள். பிறகு பிளேட்டைக் கையால் சுழற்றி அதே பல்லைப் பின்பக்கம் கொண்டுபோய் மீண்டும் அளக்க வேண்டும். இரு அளவுகளின் வேறுபாடு 0.1 மில்லிமீட்டருக்குள் இருப்பது நல்லது.

ஏன் அதே பல்? பிளேடு சற்று வளைந்திருக்கலாம். வெவ்வேறு பற்களை அளந்தால் அந்த வளைவும் கணக்கில் கலந்துவிடும்.

வேறுபாடு அதிகம் என்றால், பிளேட்டின் அச்சைத் தாங்கும் பகுதியையோ மேசையையோ பிடித்திருக்கும் திருகுகளைத் தளர்த்திச் சரிசெய்து மீண்டும் இறுக்குங்கள். அதன் பிறகே வழிகாட்டிச் சட்டத்தைக் காடிக்கு இணையாக்க வேண்டும். வரிசையை மாற்றினால் செய்த வேலையை மறுபடியும் செய்ய நேரும்.

எல்லாம் சரி, ஆனாலும் பலகை நெருக்குகிறதா?

இப்போது குற்றவாளி மரமாக இருக்கலாம். நம் நாட்டுத் தளவாடத் தொழிலின் முக்கிய மூலப்பொருளான ரப்பர் மரத்தில், வளரும்போதே உள்ளிழுவிசை கொண்ட நார்ப் பகுதிகள் உருவாவதுண்டு. அறுத்தவுடன் அந்த இழுவிசை விடுபட்டுத் துண்டுகள் வளைகின்றன. வெட்டுத் தடம் மூடிக்கொண்டு பிளேட்டைக் கவ்வுகிறது. சரியாக உலராத மரமும் இப்படிச் செய்யும்.

இதைத் தடுக்கவே பிளேட்டுக்குப் பின்னால் ஒரு பிளவுத் தகடு நிற்கிறது. அதன் தடிமன் பிளேட்டின் உடல் தடிமனைவிடக் கூடுதலாகவும், பற்கள் வெட்டும் தடத்தின் அகலத்தைவிடக் குறைவாகவும் இருக்க வேண்டும். மெல்லியதாக இருந்தால் மரம் மூடிக்கொள்ளும். தடித்திருந்தால் பலகை அதிலேயே சிக்கும். பிளேட்டை மாற்றும்போது இதைச் சரிபார்க்கப் பலர் மறந்துவிடுகிறார்கள். இடைஞ்சல் என்று அந்தத் தகட்டைக் கழற்றி வைப்பது அதைவிடப் பெரிய தவறு.

அடிப்பக்கச் சிராயும் கோணல் வெட்டும்

முன்பற்கள் பலகையின் அடிப்பக்கமாக வெளியேறுவதால் சிராய் பெரும்பாலும் அங்கேதான் கிளம்பும். பிளைவுட்டை அறுக்கும்போது அழகான முகத்தை மேலே வையுங்கள். 60 அல்லது 80 பல் பிளேட்டைப் பொருத்துங்கள். பிளேட்டைச் சுற்றியுள்ள இடைவெளியைக் குறுக்கும் மேசைத் தகட்டைப் பயன்படுத்தினால், மர நார்களுக்கு அடியில் தாங்கல் கிடைக்கும்.

குறுக்கு வெட்டு 90 பாகையில் விழவில்லை என்ற சந்தேகமா? ஒரு பலகையைக் குறுக்கே அறுத்து, ஒரு துண்டை மட்டும் அடிப்பக்கம் மேலே வருமாறு புரட்டி, இரண்டையும் நேரான சட்டத்தில் ஒட்டவைத்து வெட்டுமுனைகளைச் சேர்த்துப் பாருங்கள். பிழை இரு மடங்காகத் தெரியும். பலகையின் ஓர் ஓரத்தில் இடைவெளி விழுந்தால் கோணமானி பிசகியிருக்கிறது. மேல்முகத்திலோ கீழ்முகத்திலோ இடைவெளி விழுந்தால் பிளேடு சாய்ந்திருக்கிறது. மூலைமட்டத்தை வைத்து உரியதைத் திருத்துங்கள்.

நம் தட்பவெப்பத்தில் இன்னொரு கவனமும் தேவை. ஈரக்காற்றில் வார்ப்பிரும்பு மேசை விரைவில் துருப்பிடிக்கும். சொரசொரப்பான மேசையில் பலகை விட்டுவிட்டு நகரும். துருவைத் தேய்த்தெடுத்து, சிலிக்கோன் கலக்காத மெழுகைப் பூசுங்கள்.

மீண்டும் இயக்கும் முன்

மின்செருகி வெளியே இருக்கும்போதே பிளேட்டை விரல்களால் பக்கவாட்டில் மெல்ல அசைத்துப் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால் அச்சின் பேரிங் தேய்ந்திருக்கலாம். பழுதுபார்ப்பவரிடம் கொடுப்பதே நல்லது. ஆட்டம் இல்லையென்றால் மேலுறையைப் பொருத்தி, கண்ணாடியும் முகக்கவசமும் அணியுங்கள். மரத்தூள் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது என அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995இல் வகைப்படுத்தியுள்ளது. கையுறை மட்டும் வேண்டாம். பிளேடு அதைப் பற்றி இழுத்துவிடும். பிளேட்டுக்கு நேர் பின்னால் நிற்காமல் சற்று விலகி நின்று, தள்ளுகோலால் ஒரு கழிவுத் துண்டை அறுத்துப் பாருங்கள். இரு முகங்களும் கருகாமல் சுத்தமாக வந்தால் நல்ல பலகையை எடுக்கலாம்.