காற்றுக்கு இசையும் எஃகு

மீனாட்சிக்கு,

சிற்பம் என்றால் அசையாமல் நிற்பதுதானே, பூங்காவில் காற்றடிக்கும்போதெல்லாம் ஆடுகிற எஃகுத் தகடுகளை யந்திரம் என்று சொல்லாமல் சிற்பம் என்று ஏன் சொல்லுகிறார்கள் என்று உன் கடிதத்தில் கேட்டிருக்கிறாய். அத்தகைய சிற்பங்களைச் செய்வதில் தலைசிறந்து விளங்கிய ஒருவரைப் பற்றிச் சொன்னால் இதற்கு விடை எளிதில் விளங்கும்.

ஜார்ஜ் ரிக்கி 1907-ஆம் ஆண்டில் அமெரிக்காவிலுள்ள சவுத் பெண்டு நகரில் பிறந்தார். அவருடைய பாட்டனார் கடிகாரத் தொழில் செய்தவர். தகப்பனார் சிங்கர் தையல் யந்திரக் கம்பெனியில் என்ஜினீயர். குழந்தைப் பருவத்தில் ஸ்காட்லாந்துக்குச் சென்று, ஆக்ஸ்போர்டில் சரித்திரமும் பாரிஸில் சித்திரமும் பயின்ற ரிக்கிக்கு, இரண்டாம் உலக யுத்தத்தின்போது ராணுவ விமானப் படையின் பட்டறையில் வேலை செய்ய நேர்ந்தது. உலோகத்தையும் கருவிகளையும் கையாளும் குடும்பத்து வித்தையும், பல ஆண்டுகள் ஓவியத்தில் பழகிய கண்ணும், நாற்பது வயதை நெருங்கிய அக்காலத்தில்தான் அவரிடம் ஒன்றுகூடின. யந்திரவியல் கற்றுச் சிற்பியான அலெக்சாண்டர் கால்டர், காற்றில் அசையும் உருவங்களைத் தொங்கவிட்டு ஏற்கனவே வழி காட்டியிருந்தார். ரிக்கியோ உருவங்களைக் கோடும் சதுரமுமாகச் சுருக்கிவிட்டு, சலனத்தையே தம் கலையின் பொருளாக்கினார்.

1964-ஆம் ஆண்டில் ஜெர்மனியின் காஸல் நகரத்துக் கண்காட்சியில், திறந்த வெளியில், ஏறக்குறைய 35 அடி உயரத்துக்கு எழும் இரண்டு எஃகு அலகுகளை அவர் நிறுத்தினார். பிற்பாடு நியூயார்க் நவீனக் கலைக்கூடம் அச்சிற்பத்தை வாங்கிக்கொண்டது. ஈட்டிபோல மேல்நோக்கிக் கூர்ந்து செல்லும் அவ்விரு அலகுகளும், மோட்டாரோ சுருள்வில்லோ இல்லாமல், காற்று தொட்ட மாத்திரத்தில் சாய்ந்து, ஒன்றையொன்று கடந்து, மோதிக்கொள்ளாமல் மெல்ல நிமிர்கின்றன.

இதன் சூட்சுமம் என்ன? ஒவ்வோர் அலகும் ஓர் அச்சில் பொருத்தப்பட்டிருக்கிறது. அச்சுக்கு மேலே நீண்ட பகுதியும், கீழே ஈயத்தால் கனமேற்றிய குட்டைப் பகுதியும் இருக்கின்றன. மொத்த எடையின் மையம் அச்சுக்கு மேலே போய்விட்டால் அலகு கவிழ்ந்துவிடும்; வெகுவாகக் கீழே இருந்தாலோ மெல்லிய காற்றுக்கு இடங்கொடுக்காமல் விறைத்து நிற்கும். அச்சுக்குச் சற்றே கீழே அம்மையம் அமையும்போதுதான், நிமிர்த்தும் விசை மிகச் சிறிதாகி, ஊசலாடும் காலம் நீண்டு, அந்த அலகு சாவதானமாக அசைகிறது. காற்றின் வேகம் இரட்டிப்பானால் அதன் அழுத்தம் நான்கு மடங்காகுமாதலால், இளந்தென்றலுக்கு இசைகிற அதே அலகு புயலிலும் முறியாதிருக்கும்படி சிற்பி கணக்கிட வேண்டும். மழையிலும் பனியிலும் நிற்பதற்கு, குரோமியம் கலந்த துருப்பிடிக்காத எஃகு உதவுகிறது. அதன் மேற்பரப்பை ரிக்கி கீறித் தேய்த்து, படுகிற வெளிச்சம் சிதறி மின்னும்படி செய்தார்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். யந்திரம் ஒரு காரியத்தைச் சாதிப்பதற்காக ஒரே இயக்கத்தைத் திரும்பத் திரும்பச் செய்கிறது. இந்தச் சிற்பமோ எந்தக் காரியத்தையும் சாதிக்க முற்படாமல், கண்ணுக்குப் புலப்படாத காற்றின் போக்கை நமக்குப் பிரத்தியட்சமாக்குகிறது. எவ்வளவு தூரம் சாயலாம், எங்கே கடந்து செல்லலாம் என்ற எல்லைகளைச் சிற்பி வகுக்கிறான். அந்த எல்லைக்குள் எப்போது, எப்படி அசைவது என்பதைக் காற்று நிர்ணயிக்கிறது. கணிதம் கலையின் சுதந்திரத்தைக் கெடுத்துவிடும் என்று சிலர் சொல்வதை நம்பாதே. துல்லியமான கணக்கு இல்லையென்றால் அந்த அலகுகளுக்கு அசையும் சுதந்திரமே இல்லை.

படித்ததோடு நின்றுவிடாமல் ஒரு சோதனையும் செய்து பார். நீண்ட அட்டைத் துண்டு ஒன்றை ஈட்டி வடிவில் வெட்டி, நடுவுக்குச் சற்றுக் கீழே குண்டூசியைக் குத்தித் தாராளமாகச் சுழலவிடு. கீழ்நுனியில் களிமண்ணைச் சிறிது சிறிதாக ஒட்டிக்கொண்டே வா. முதலில் கவிழ்ந்து விழும். பிறகு ஒரு கட்டத்தில் தானாக நிமிர்ந்து, உன் மூச்சுக்கும் மெதுவாக ஆடும். மேலும் களிமண் சேர்த்தால் ஆட்டம் விரைவாகி, விறைப்பும் கூடிவிடும். அந்த நடுக்கட்டத்தை உன் கையாலேயே கண்டுபிடித்து, நீ கண்டதைப் படம் வரைந்து எனக்கு எழுது.

இப்படிக்கு,
அன்புள்ள மாமா