வட்டி வீதமும் பங்கு விலையும்

வட்டி உயரின் பங்கு விலை தாழும். வட்டி தாழின் பங்கு விலை உயரும். வணிகரிடை வழங்கும் இவ்விதி எவ்வாறு தொழிற்படுகின்றது, எங்கே பொய்க்கின்றது என்பவற்றை ஈண்டுச் சுருங்க ஆராய்வாம்.

ஆண்டுதோறும் 10 ரூபா பங்கிலாபம் தரும் ஒரு பங்கை எடுத்துக்கொள்வோம். வங்கி வைப்புக்கு நூற்றுக்கு 8 வீத வட்டி கிடைக்குங்கால், அந்த 10 ரூபாவை ஈட்ட 125 ரூபாவை வைப்பிலிடல் வேண்டும். வட்டி 20 வீதமாயின் 50 ரூபாவே போதும். அந்நிலையில் அப்பங்கை 125 ரூபா கொடுத்து வாங்குவார் யார்? பங்கிலாபம் வளரவும் கூடும், குன்றவும் கூடுமாதலின் உண்மைக் கணக்கு இத்துணை எளிதன்று. எனினும் அதன் போக்கு இதுவே.

வேறு இரு வழிகளும் உள. கடன்பட்ட கம்பனியின் வட்டிச் செலவு பெருகி அதன் இலாபத்தை அரிக்கும். மக்களும் கடன் பெற்று வீடு கட்டுதலையும் வாகனம் வாங்குதலையும் ஒத்திவைப்பர். அதனால் விற்பனை குன்றும்.

இதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு. 2022 ஏப்பிரல் 8 ஆம் நாள் இலங்கை மத்திய வங்கி தன் கொள்கை வட்டி வீதங்களை ஒரேமுறையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்திற்று. அம்மாதம் ஐந்து நாள் மூடப்பட்டிருந்த கொழும்புப் பங்குச் சந்தை 25 ஆம் நாள் திறந்தபோது விலைகள் சரிந்தன. அவ்வாண்டிலேயே ஓராண்டுத் திறைசேரி உண்டியலின் வட்டி 30 வீதமளவுக்கு ஏறிற்று. 2023 ஜூனில் 2.5 புள்ளிகளும் ஜூலையில் 2 புள்ளிகளும் குறைக்கப்பட்டபோது பங்கு விலைகள் மீண்டும் எழுந்தன.

ஆயினும் வட்டி ஒன்றே காரணமென்று கொள்ளுதல் பிழையாம். 2022 இல் அந்நியச் செலாவணித் தட்டுப்பாடும், ஏப்பிரல் 12 இல் அறிவிக்கப்பட்ட வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவு நிறுத்தமும் அச்சத்தை வளர்த்தன. 2023 இல் பணவீக்கம் தணிந்தமையும் நம்பிக்கையை ஊட்டிற்று. மேலும், சந்தை வருவதை முன்னரே எண்ணி விலையிடுவது. எதிர்பார்த்த மாற்றம் அறிவிக்கப்படும் நாளில் விலை அசையாதிருத்தலும் உண்டு. எதிர்பாராததே அதனை உலுக்கும்.

இதனால் நாம் பெறும் பாடம் யாது? அண்மையில் தேவைப்படும் பணத்தைப் பங்கில் இட்டவர், வட்டி உயர்ந்த காலத்தில் தாழ்ந்த விலைக்கு விற்க நேரும். பிள்ளையின் கல்விக்கெனச் சேர்த்ததும் முதுமைக்கால மருந்துச் செலவுக்கென வைத்ததும் அத்தகைய பணமே. காத்திருக்கக்கூடிய பணத்திற்கே பங்குச் சந்தை ஏற்ற இடமாகும்.