பொம்மைக் கடை எங்கே என்று கேட்டு வருபவர்

மலைக்கோட்டைப் பக்கமும் ஸ்ரீரங்கம் வீதிகளிலும் மளிகைக் கடை வைத்திருக்கும் நம்மிடம் வெளியூர்க்காரர்கள் வழி கேட்பது தினசரி நடப்பதுதான். தாயார் சந்நிதிக்கு எப்படிப் போவது, சத்திரம் பஸ் நிலையத்துக்கு எந்தப் பஸ், நல்ல காபி எங்கே என்று கேட்பார்கள். மார்கழி மாதத்தில் வேறொரு கேள்வியும் வரும். "ஐயா, கொலு பொம்மை மட்டும் விற்கிற கடை இங்கே எங்கே இருக்கு? பேண்டு வாத்திய செட், சிப்பாய் செட் மாதிரி பழைய தினுசு கிடைக்குமா?"

"நவராத்திரிக்கு வாங்க சார், தெருவெல்லாம் கிடைக்கும்" என்று சொல்லி அனுப்பிவிடுகிறோம். சொல்வது உண்மைதான். ஆனால் கேட்டவர் வைகுண்ட ஏகாதசிக்காகச் சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ வந்தவர். புரட்டாசியில் அவருக்கு லீவு கிடையாது. வாங்கும் மனதும் பணமும் இருந்தும் வெறுங்கையோடு ரயில் ஏறிவிடுகிறார். நம் ஊர் இழக்கும் இந்த வியாபாரத்தைப் பற்றித்தான் இங்கே பார்க்கிறோம்.

பொம்மை சேகரிப்பவரை விளையாட்டுச் சாமான் வாங்குபவராக நினைத்துவிடக் கூடாது. இங்கிலாந்தில் வில்லியம் பிரிட்டன் கம்பெனி 1893-இல் உள்ளே கூடான ஈயச் சிப்பாய்களை வார்க்கத் தொடங்கியது. உயரம் 54 மில்லிமீட்டர். காலாட்படைப் பெட்டி என்றால் பொதுவாக 8 பேர். குழந்தைகளுக்காகச் செய்த அந்தச் சிப்பாய்களை இன்று பெரியவர்கள் தேடித்தேடி வாங்குகிறார்கள். எண்ணிக்கை குறையாமல், பழைய பெட்டியோடு இருந்தால் ஒரு விலை. ஒருவருக்குக் கை ஒடிந்திருந்தால் வேறு விலை. இப்படிப்பட்டவர்கள் எந்த ஊருக்குப் போனாலும் அதற்கென்று உள்ள கடையை விசாரிக்காமல் திரும்ப மாட்டார்கள்.

நம் கொலு வீட்டுக்காரர்களும் இதே ரகம்தான், அந்தப் பெயரில் தங்களைச் சொல்லிக்கொள்வதில்லையே தவிர. தசாவதாரம் என்றால் 10 உருப்படி, அஷ்டலட்சுமி 8, அறுபடை வீடு 6. பரணிலிருந்து இறக்கும்போது வாமனர் உடைந்துபோனால் மற்ற ஒன்பது பேரையும் படியில் வைக்க மனம் வராது. அதே உயரத்தில், அதே வர்ணத்தில் ஒரு வாமனர் வேண்டும். அதற்காகத்தான் ஊர் ஊராகக் கேட்கிறார்கள்.

இங்கேதான் வியாபாரிக்கு ஒரு சூட்சுமம். பண்ருட்டியிலிருந்தோ காஞ்சிபுரம் பொம்மைக்காரத் தெருவிலிருந்தோ மதுரை விளாச்சேரியிலிருந்தோ சரக்கு வரும்போது வைக்கோல் எவ்வளவு வைத்தாலும் ஒன்றிரண்டு உடையும். பத்தில் ஒன்று போனால் மீதி ஒன்பதை 'செட் கெட்டுப்போச்சு' என்று குடோனில் தள்ளிவிடுவார்கள். வெளியூர்க்காரர் தேடிவரும் பொருள் அந்த ஒன்பதில் ஒன்றாகவே இருக்கலாம்! பொம்மை வியாபாரம் செய்யும் நம் அன்பர்கள் இந்த உதிரி உருப்படிகளை உயரம் எத்தனை அங்குலம், எந்த ஊர்ச் சரக்கு என்று ஒரு நோட்டில் குறித்துவைத்து, வருஷம் முழுவதும் ஒரு அலமாரியில் கண்ணுக்குத் தெரியும்படி அடுக்கினால் போதும். முழு செட்டை மட்டும் உடைத்து விற்க வேண்டாம். ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதை முடக்கிப்போடுவது லாபமில்லை.

ரயிலிலோ விமானத்திலோ போகிறவருக்குக் கட்டிக்கொடுப்பதும் பாதி வியாபாரம். காகிதக்கூழ் பொம்மை கனமில்லாதது, தூரம் போகிறவருக்கு அதையே முதலில் காட்டலாம். களிமண் பொம்மையின் விரல், வில், குடை போன்ற நீட்டல்களுக்குத் தனியாகப் பஞ்சு சுற்ற வேண்டும்.

மளிகைக் கடைக்காரர் செய்ய வேண்டியது இதைவிடச் சுலபம். தம் தெருவில் பொம்மை வைத்திருப்பவர் யார், அவரிடம் பருவம் கடந்தும் சரக்கு இருக்கிறதா என்று ஒருமுறை கேட்டுவைத்தால் போதும். அது தெரியாவிட்டாலும் சிங்காரத்தோப்பு பூம்புகார் விற்பனை நிலையத்தைச் சொல்லலாம். அரசு நிறுவனமாகையால் கைவினைப் பொருள்கள் எப்போதும் இருக்கும். 2008-09-இல் புவிசார் குறியீடு பெற்ற தலையாட்டி பொம்மைதான் வேண்டும் என்பவருக்கு, சுமார் 55 கிலோமீட்டரில் தஞ்சாவூர் இருக்கிறது என்று சொல்வதிலும் நமக்கு நஷ்டமில்லை. சரியான கடையைக் காட்டியவரிடமே அவர் திரும்பிவந்து பயணத்துக்குப் பிஸ்கட் வாங்குவார்.

நம் தொழிலுக்கும் கொலுவில் ஓர் இடம் உண்டு என்பதை மறக்கக் கூடாது. தொப்பையோடு உட்கார்ந்திருக்கும் செட்டியாரும் அவர் மனைவியும், முன்னால் அரிசி, பருப்பு, வெல்லம் பரப்பிய மளிகைக் கடையும் இல்லாமல் பல வீடுகளில் கொலு நிறைவதில்லை. அந்த ஜோடி ஒன்றைக் கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வருகிறவர்கள் தாமே பேச்சைத் தொடங்குவார்கள்.

கடை வாசலில் பாக்கெட்டாகத் தொங்கும் பிளாஸ்டிக் சிப்பாய்கள் விஷயம் வேறு. 14 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் விளையாடும் பொம்மைகளுக்கு 2021 ஜனவரி 1 முதல் ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். பதிவு பெற்ற கைவினைஞர்கள் தாமே செய்து விற்பவற்றுக்கும், புவிசார் குறியீடு பெற்ற பொருள்களை அதற்கு உரிமை பெற்றவர்கள் விற்பதற்கும் விலக்கு அளித்திருக்கிறார்கள். பிளாஸ்டிக் சரக்குக்கு அந்த விலக்குப் பொருந்தாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று முத்திரையில்லாத பாக்கெட்டுகளை எடுத்தால் சோதனை வரும்போது பதில் சொல்ல வேண்டியவர் கடைக்காரர்தான். மொத்த வியாபாரியிடம் பில்லோடு, முத்திரையைப் பார்த்து வாங்குங்கள்.