முகவரிக் குற்றச்சாட்டை எழுதப்போகும் தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நியூ ஹாம்ப்ஷயரில் நீ வேலை பார்க்கும் சிறிய நாளிதழுக்கு ஒரு தகவல் வந்திருப்பதாக எழுதியிருந்தாய். தேர்தல் வேலைக்காக வெளி மாநிலங்களிலிருந்து வந்த பிரச்சார ஊழியர்கள் நால்வர் ஒரே வீட்டு முகவரியில் வாக்காளர்களாகப் பதிந்து, ஓட்டும் போட்டுவிட்டு, தேர்தல் முடிந்த வாரமே மூட்டை கட்டிப் போய்விட்டார்கள் என்பது தகவல். எழுதலாமா, எழுதினால் எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருந்தாய். இதே கேள்வியோடு இன்னும் பல இளம் நிருபர்கள் இருப்பார்கள் என்பதால் பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

எழுது. அதில் தயக்கம் வேண்டாம். வீடு வீடாகப் போய்ப் பதிவுப் படிவத்தை நீட்டுகிறவர், தன் படிவத்தில் என்ன முகவரி எழுதினார் என்று கேட்க ஊருக்கு உரிமை உண்டு. ஆனால் 'நால்வர்' என்று சேர்த்து எழுதிவிடாதே. முகவரி ஒன்றுதான், வழக்குகள் நான்கு. குடியிருப்பு பற்றிய குற்றச்சாட்டைக் கூட்டமாகச் சுமத்துவது மிக எளிது. நிரூபிப்பது ஒவ்வோர் ஆளாக மட்டுமே முடியும். நான் சொல்ல நினைப்பதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

சட்டத்தை முதலில் பார். இந்தியாவில் 1950ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 20ஆம் பிரிவில் என்ன சொல்கிறது என்று நீ கல்லூரியில் படித்திருப்பாய். ஒரு தொகுதியில் வீடு இருப்பதால் மட்டும் ஒருவர் அங்கே வசிப்பவராகிவிட மாட்டார். தற்காலிகமாக வெளியூர் போனதால் வசிப்பிடத்தை இழந்துவிடவும் மாட்டார். அமெரிக்காவிலும் அடிப்படை எண்ணம் இதற்கு வெகுதூரத்தில் இல்லை. ஆனால் அங்கே விதி மாநிலத்துக்கு மாநிலம் மாறும், ஒரே மாநிலத்திலும் ஆண்டுக்கு ஆண்டு மாறும். நியூ ஹாம்ப்ஷயர் சட்டம் கேட்பது இரண்டு: வேறெந்த இடத்தையும்விட இங்கே அதிகமாக இருக்கிறாயா, இங்கேயே தொடர்ந்து இருக்கும் எண்ணம் உன் நடத்தையில் தெரிகிறதா? இத்தனை நாள் தங்கியிருக்க வேண்டும் என்ற கணக்கு இல்லை. வாக்களிக்கும் நாளிலேயே பதிந்துகொள்ளவும் முடியும். ஆகவே பாஸ்டன் வீட்டைக் காலி செய்து, எல்லாச் சாமான்களோடும் ஜூன் மாதம் வந்து, அடுத்து எங்கே என்று முடிவு செய்யாத ஊழியரும், வர்ஜீனியாவில் வாடகை கட்டிக்கொண்டே நவம்பரில் திரும்பப் பயணச்சீட்டு வைத்திருந்த ஊழியரும் ஒரே மாடியில் தூங்கியிருந்தாலும் சட்டத்தின் முன் ஒருவரல்ல.

அங்கே இந்தச் சந்தேகம் ஏன் தேர்தலுக்குத் தேர்தல் கிளம்புகிறது என்பதையும் புரிந்துகொள். 2000 அதிபர் தேர்தலில் ஜார்ஜ் புஷ் அந்த மாநிலத்தை 7,211 வாக்குகளில் வென்றார். 2016இல் செனட் இடத்தை மேகி ஹாசன் 1,017 வாக்குகளில் வென்றார். இவ்வளவு குறுகிய இடைவெளியில் வெளியூரார் சிலரின் ஓட்டும் பெரிதாகத் தெரியும்.

2008இல் ஒஹையோவில் நடந்ததைப் பொறுமையாகப் படி. உன் செய்திக்கு மிக நெருங்கிய முன்மாதிரி அதுதான். அந்த ஆண்டு அக்டோபர் தொடக்கத்தில் சில நாட்கள் அங்கே ஒரே நாளில் பதிந்து, முன்கூட்டியே வாக்களித்துவிடவும் முடிந்தது. 'வோட் ஃப்ரம் ஹோம்' என்ற குழுவின் இளைஞர்கள் வெளியிலிருந்து வந்து, கொலம்பஸில் ஒரு வீட்டை வாடகைக்கு எடுத்து, மற்றவர்களைப் பதியவைத்தார்கள். அந்த முகவரியில் தாங்களும் பதிந்தார்கள். ஒபாமா பிரச்சாரத்தின் ஊழியர்கள் சிலரும் அந்த மாநிலத்தில் அப்படிப் பதிந்திருந்தார்கள். ஃபிராங்க்ளின் மாவட்ட அரசு வழக்கறிஞர் ரான் ஓ'பிரையன் விசாரணையில் இறங்கினார். ஒஹையோ சட்டப்படி வாக்காளர் தேர்தலுக்கு முன் 30 நாள் மாநிலத்தில் வசித்திருக்க வேண்டும். பலர் அதோடு படிப்பதை நிறுத்திவிடுவார்கள். அதே சட்டம், ஒருவர் வெளியே போனாலும் எங்கே திரும்பி வரும் எண்ணத்தோடு இருக்கிறாரோ அதுவே அவர் வசிப்பிடம் என்கிறது. தற்காலிக வேலைக்காக மட்டும் ஒரு மாவட்டத்துக்கு வருகிறவர் அங்கே வசிப்பவராகிவிட மாட்டார் என்றும் சொல்கிறது. 30 நாள் இருந்தும் தகுதி இல்லாமல் போகலாம். கடைசியில் பத்துக்கும் மேற்பட்டோர் தங்கள் பதிவையும் வாக்குச்சீட்டையும் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

அந்த வாக்குகள் முடிவை மாற்றியிருக்காது. ஒபாமா ஒஹையோவை இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான வாக்குகளில் வென்றார். ஆனாலும் அது செய்திதான். முடிவை மாற்றியதா என்பதைச் செய்தியின் தகுதிக்கு அளவுகோலாக வைக்காதே. மாற்றாத ஒன்றை மாற்றியதுபோல் எழுதவும் செய்யாதே.

2017 தொடங்கி உன் மாநிலத்தில் நடந்தது இதற்கு நேர் எதிரான பாடம். மாசசூசெட்ஸிலிருந்து பேருந்து பேருந்தாக ஆட்கள் வந்து நியூ ஹாம்ப்ஷயரில் ஓட்டுப் போட்டார்கள் என்று டிரம்ப் சொன்னார். அதே ஆண்டு செப்டம்பரில், அப்போது கன்சாஸ் மாநிலச் செயலாளராக இருந்த கிரிஸ் கோபாக் ஒரு எண்ணைத் தூக்கிப் பிடித்தார். வேறு மாநில ஓட்டுநர் உரிமத்தைக் காட்டி வாக்காளராகப் பதிந்தவர்களில் 5,313 பேர் பல மாதங்களுக்குப் பிறகும் நியூ ஹாம்ப்ஷயர் உரிமம் வாங்கவில்லை. ஆகவே மோசடி என்றார். எண் சரி, முடிவு தவறு. வெளி மாநில உரிமத்தோடு டார்ட்மத் கல்லூரியில் படிக்கும் மாணவர் அங்கே வாக்களிப்பதை அன்றைய சட்டம் தடுக்கவில்லை. 2018 மே மாதம் மாநில அதிகாரிகளே, பேருந்தில் ஆட்களைக் கொண்டுவந்ததற்கு ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை என்று அறிவித்தார்கள். ஐயாயிரம் பேரை ஒரே வரியில் குற்றவாளிகளாக்கிய அந்தக் கூற்று அதற்குள் நாடு முழுக்கப் போய்விட்டது. இதை நினைக்கும்போது எனக்கு இப்போதும் கோபம் வருகிறது. கையில் ஒரு பட்டியல் கிடைத்தவுடன் தலைப்பு எழுதுகிறவர்கள் நம் தொழிலிலும் உண்டு.

இன்னொரு வழக்கு, மேட் மோவர்ஸ். 2016இல் அவர், குடியரசுக் கட்சியின் அதிபர் வேட்பாளராகப் போட்டியிட்ட கிரிஸ் கிறிஸ்டியின் நியூ ஹாம்ப்ஷயர் பிரச்சாரத்தை நடத்தினார். பிப்ரவரியில் அங்கே முதனிலைத் தேர்தலில் வாக்களித்தார். கிறிஸ்டி போட்டியிலிருந்து விலகிய பின் பெற்றோர் முகவரியில் நியூ ஜெர்சியில் பதிந்து, ஜூனில் அங்கேயும் முதனிலைத் தேர்தலில் வாக்களித்தார். இது அசோசியேட்டட் பிரஸ் (ஏ.பி.) செய்தியாக வெளிவந்தது 2022 ஏப்ரலில், அவர் காங்கிரசுக்குப் போட்டியிட்டுக்கொண்டிருந்தபோது. ஒரே தேர்தலில் இரண்டு முறை வாக்களிக்கக் கூடாது என்பது கூட்டாட்சிச் சட்டம். ஆனால் ஒரே கட்சியின் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க இரண்டு மாநிலங்கள் தனித்தனியே நடத்தும் முதனிலைத் தேர்தல்கள் 'ஒரே தேர்தல்'தானா? வல்லுநர்களே ஒத்துப்போகவில்லை. மோவர்ஸ் அதற்கு முன்பே அந்த மாநிலக் குடியரசுக் கட்சியின் நிர்வாக இயக்குநராக இருந்தவர். ஆகவே பிப்ரவரி ஓட்டை முகவரிப் பொய் என்று எளிதில் சொல்லிவிட முடியாது. அந்தச் செய்தியை வாங்கி எழுதிய சிலர் இதைப் பிரித்துக் காட்டவில்லை. நீ பிரித்துக் காட்ட வேண்டும்.

பொய் முகவரியே இல்லை என்று நினைத்துவிடாதே. இண்டியானாவில் சார்லி வைட் மாநிலச் செயலாளராக, அதாவது தேர்தல்களுக்கே பொறுப்பான பதவியில் இருந்தார். வேறிடத்துக்குக் குடிபோன பிறகும் முன்னாள் மனைவியின் வீட்டு முகவரியில் வாக்காளராக இருந்ததற்காக 2012 பிப்ரவரியில் ஜூரி அவரைக் குற்றவாளி என்றது. குடிபோனதை மறைத்ததால் ஃபிஷர்ஸ் நகர சபை இடமும் அதன் சம்பளமும் அவரிடமே இருந்தன. வழக்கைப் புரிந்துகொள்ள இந்த ஆதாயத்தையும் பார்க்க வேண்டும். இன்னொரு பக்கம் மார்க் மெடோஸ். வெள்ளை மாளிகைத் தலைமை அலுவலராக இருந்தபோது, 2020 செப்டம்பரில், வட கரோலைனாவின் ஸ்கேலி மவுண்டனில் ஒரு நடமாடும் வீட்டை முகவரியாகக் காட்டிப் பதிந்தார். 2022 மார்ச்சில் 'தி நியூ யார்க்கர்' அதை வெளியிட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் மாநில அட்டர்னி ஜெனரல் ஜாஷ் ஸ்டைன், வழக்குத் தொடரப் போதிய ஆதாரம் இல்லை என்று முடித்துவிட்டார். அரசுப் பணிக்காக வாஷிங்டன் போகிறவர் வசிப்பிடத்தை இழப்பதில்லை என்ற விதியும் அந்த மாநிலத்தில் உண்டு. இரண்டு கதைகளையும் முதல் நாள் கேட்டவருக்கு எது நிற்கும், எது விழும் என்று தெரிந்திருக்குமா?

'எண்ணம்' என்ற சோதனையை நீ கையில் எடுக்கும்போது டெக்சாஸின் வாலர் மாவட்டத்தை நினைவில் வை. அங்கே பிரெய்ரி வியூ என்ற கறுப்பின மாணவர் கல்லூரி இருக்கிறது. வாக்காளர் பதிவு அதிகாரி அந்த மாணவர்களிடம் மட்டும் தனிக் கேள்வித்தாளை நீட்டினார்: இங்கே சொத்து இருக்கிறதா, படிப்பு முடிந்தபின் இங்கேயே இருப்பாயா? 1979இல் உச்ச நீதிமன்றம் வரை போய்த்தான் அது நின்றது. எல்லாரிடமும் கேட்காத கேள்வியைச் சிலரிடம் மட்டும் கேட்பது எந்த இடத்தில் அநீதியாகிறது என்று அந்த வழக்கு காட்டுகிறது. ஆகவே உன் நால்வரிடம் கேட்பதை எதிர்க்கட்சிப் பிரச்சார அலுவலகத்து ஊழியர்களிடமும் கேள். இதில் எனக்குச் சமரசம் கிடையாது.

நடைமுறைக்கு வருவோம். வாக்களித்தவர் பெயரில் குறியிட்ட பட்டியல் டவுன் கிளார்க் அலுவலகத்தில் பார்க்கக் கிடைக்கும். 'பதிந்தார்' என்பதும் 'வாக்களித்தார்' என்பதும் வேறு வேறு, உன் தகவலாளி இரண்டையும் குழப்பியிருக்க வாய்ப்புண்டு. வந்த மாநிலத்தின் பட்டியலையும் பார். பழைய பதிவு அங்கே அப்படியே கிடப்பது குற்றமல்ல, அதிலும் வாக்களித்திருந்தால்தான் விஷயம் பெரிது. பெயரும் பிறந்த தேதியும் ஒத்துப்போனாலும் ஆள் வேறாக இருக்கலாம் என்பதால் இன்னொரு அடையாளம் கிடைக்கும்வரை எழுதாதே. பதிந்த நாளில் நடப்பிலிருந்த சட்டத்தைப் படி. மாநிலம் 2017இல் கொண்டுவந்த குடியிருப்புச் சான்றுச் சட்டத்தை அதன் உச்ச நீதிமன்றம் 2021இல் ரத்து செய்தது. 2018இல் வேறொரு திருத்தம், 2024இல் இன்னொன்று. பழைய சட்டத்தை வைத்துப் புதிய செயலை அளந்தால் செய்தி முழுவதும் சரிந்துவிடும்.

பிறகு நால்வருடனும் தனித்தனியாகப் பேசு. எங்கே வாடகை கட்டினீர்கள், கார் எங்கே பதிவாகியிருக்கிறது, வரி எங்கே, நவம்பருக்குப் பின் எங்கே போவதாக இருந்தது, 'இங்கே பதியலாம்' என்று யாராவது சொன்னார்களா? கடைசிக் கேள்விதான் முக்கியம். இருபத்திரண்டு வயது ஊழியர் தானாகச் செய்த தவறும், மேலிடம் கொடுத்த யோசனையும் ஒன்றல்ல. யோசனை மேலிருந்து வந்திருந்தால், நான்கு இளைஞர்களின் பெயரைவிட அந்த மேலாளரின் பெயர்தான் பத்திரிகையில் வர வேண்டியது.

என் கருத்தையும் கேட்டிருந்தாய். சட்டம் இடம் கொடுத்தாலும், சில மாதப் பிரச்சார வேலைக்கு வந்தவர் சொந்த ஊரிலிருந்து தபால் வாக்குப் போடுவதே சரி என்று நினைக்கிறேன். அந்த ஊரின் நகர சபைக்கும் பள்ளி வாரியத்துக்கும் பின்னர் வரும் விளைவுகளோடு வாழப்போவது அங்கே இருப்பவர்கள். ஆனால் இது என் கருத்து, உன் செய்தியில் இதற்கு இடமில்லை.

அட்டர்னி ஜெனரல் அலுவலகம் விசாரித்தால் மாதாமாதம் கேட்டுக்கொண்டே இரு. குற்றம் இல்லை என்று முடித்தால், குற்றச்சாட்டு வந்த அதே பக்கத்தில் அதே அளவில் அதையும் போட வேண்டும் என்று உன் ஆசிரியரிடம் இப்போதே பேசி வை. பிறகு கேட்டால் இடம் கிடைக்காது. நால்வரில் யாராவது பேச மறுத்தால், மறுத்தார் என்று மட்டும் எழுது. வரைவு தயாரானதும் எனக்கு அனுப்பு, சட்டம் பற்றிய பத்திகளை வரிவரியாகப் பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
உன் அண்ணன்